முப்பத்தொரு வீட்டுக்கு நான் எழுதிய சரித்திரம்

என் வாழ்நாளில் நான் எழுதிய சரித்திரம் ஒன்றே ஒன்று. ஃபுல்ஸ்கேப் தாளில் எட்டுப் பக்கம், இங்கிலீஷில். அது அச்சேறவில்லை, யாரும் மாலை போடவில்லை. ஆனால் சர்க்கார் ஆபீசில் அதை வரி விடாமல் படித்தார்கள், படித்துவிட்டு அதன்படி காரியமும் செய்தார்கள். பெரிய பெரிய எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு அப்படி வாய்த்திருக்கும்? வாய்க்காமல் இருப்பதே அவர்களுக்கும் அவர்கள் ஊருக்கும் நல்லது. அதைச் சொல்லத்தான் இப்போது இந்த வயதில் மறுபடியும் பேனாவை எடுத்திருக்கிறேன்.

ஊர் என்று நான் சொல்கிறேனே தவிர, அதை ஊர் என்று ஒப்புக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஒருவரும் தயாராக இல்லை. பெங்களூரில் அப்போது இரண்டு ஆட்சி. பட்டாளமும் வெள்ளைக்காரர்களும் இருந்த கண்டோன்மெண்ட் இங்கிலீஷ் சர்க்காருக்கு. அதைத் தண்டு என்போம். அதைச் சுற்றி இருந்த மீதியெல்லாம் மைசூர் மகாராஜாவுக்கு. தண்டின் எல்லையை அளந்துகொண்டு கிழக்கே வந்த இங்கிலீஷ்காரர்கள் ஒரு கல் நட்டார்கள். தொம்மலூர்ப் பக்கமிருந்து மேற்கே அளந்துகொண்டு வந்த மைசூர்க்காரர்கள் ஒரு கல் நட்டார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் முள் மண்டிய ஒரு மேடு இருந்தது. செருப்போடு கூட ஏற முடியாத மேடு. வெயில் வேறு. இருவரும் அவரவர் பக்கத்து அடிவாரத்திலேயே கல்லை நட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள் என்பது என் ஊகம். இப்படி இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் யார் வரைபடத்திலும் ஏறாமல் நின்றுபோயிற்று. அதில்தான் எங்கள் முப்பத்தொரு வீடும் கீரைப் பாத்திகளும் பூந்தோட்டமும் ஒரு கிணறும் இருந்தன.

பேரும் கிடையாது. தண்டு மார்க்கெட்டில் எங்கள் பெண்களிடம் கீரை வாங்குகிறவர்கள் அவர்களைத் தொம்மலூர்க்காரிகள் என்பார்கள். தொம்மலூர் ஆட்களோ எங்களைக் கண்டால் "தண்டினவரு", அதாவது தண்டுக்காரர்கள், என்று கன்னடத்தில் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள். எங்களுக்குள் அது மேடு, அவ்வளவுதான். தபால் ரோட்டு முனையில் இருந்த மண்ணெண்ணெய்க் கடைக்கு வரும். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, நல்ல செய்தியாக இருந்தால் கையில் கொடுப்பார், கெட்ட செய்தியாக இருந்தால் வாயால் சொல்லுவார்.

இந்த இரண்டு கல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஜனம் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தது. யாராவது அதிகாரி வந்தால், அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று முதலில் பார்க்க வேண்டும். தொப்பி போட்டிருந்தால் தண்டு ஆள், அவருக்கு மைசூர்க் கல்லைக் காட்ட வேண்டும். ஜரிகைத் தலைப்பாகை கட்டியிருந்தால் மைசூர் ஆள், அவருக்குத் தண்டுக் கல்லைக் காட்ட வேண்டும். பிளேக் வந்த காலத்தில், வீட்டைக் காலி செய்துவிட்டுக் கொட்டகையில் போய் இருங்கள் என்று தொப்பிகள் வந்தார்களாம். "நாங்க மகாராஜா ஜனம் சாமி" என்று கையைக் கிழக்கே நீட்டினார்கள். பின்னாலேயே தலைப்பாகைகள் வந்தார்கள். "நாவு தண்டினவரு ஸ்வாமி" என்று கையை மேற்கே நீட்டினார்கள். இரண்டு கூட்டமும் திரும்பிப் போயின. அதற்குப் பிறகு வரி கேட்டு வந்தவர், ஜனத்தொகை எடுக்க வந்தவர், மாட்டுக்கு ஊசி போட வந்தவர் எல்லோருக்கும் இதே மரியாதைதான். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் எந்தத் தலைக்கு எந்தக் கல் என்பது தெரியும்.

இப்படி ஐம்பது வருஷம் யாருக்கும் அகப்படாமல் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஊரில் படித்தவன் ஒருவன் முளைத்தான். அது நான்.

தண்டில் ஒரு துரைக்குக் குதிரைக்காரராக இருந்த என் அப்பா, நான் குதிரைச் சாணம் அள்ளக் கூடாது என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் போட்டார். மெட்ரிகுலேஷன் வரை வந்து, கணக்கில் இரண்டு தரம் தவறி, தண்டில் ஓர் ஆபீசில் நகல் எடுக்கும் குமாஸ்தாவாக உட்கார்ந்தேன். பிறத்தியார் எழுதியதைப் பார்த்து அழகாக எழுதுவது என் உத்தியோகம். மூளைக்கு வேலையில்லை, கைக்குத்தான். ஆனால் இருபது வருஷம் அதையே செய்ததில், அந்த வாக்கியங்களெல்லாம் நானே யோசித்து எழுதியவை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. கடும் வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டேன். ஊரில் என்னை ரைட்டர் என்று கூப்பிட்டார்கள். அதை அவர்கள் மரியாதையாகச் சொன்னார்களா, கேலியாகச் சொன்னார்களா என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருந்தது ஒன்றுதான் அந்த நாளில் நான் செய்த புத்திசாலித்தனம்.

ஒருநாள் ஆபீசில் புதிதாக வந்த ஹெட் கிளார்க் எல்லோருடைய விலாசத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தார். எனக்கு முந்தின மேஜைக்காரர் ரிச்சர்ட்ஸ் டவுன்வாசி. தெருப் பேர், கதவு எண், பக்கத்துச் சர்ச் எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். அடுத்தது நான்.

"எங்கே இருக்கிறீர்?"

"தொம்மலூருக்கு இந்தப் பக்கம் சார். கல்லுக்கு அந்தப் பக்கம்."

"எந்தக் கல்?"

"இரண்டு கல் இருக்கிறது சார். நடுவில்."

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. பியூன் கூடச் சிரித்தான். ஹெட் கிளார்க் என் பேருக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அன்றைக்கே எனக்கு ஒரு விலாசம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நல்லவேளையாக அந்தக் கோடையில் கிணறு வற்றியது, எனக்குக் காரணம் கிடைத்தது. ஊரில் ஒரே கிணறு. விடிவதற்குள் பெண்கள் வரிசையில் நிற்பார்கள், பாதிக் குடம் சேறும் பாதிக் குடம் தண்ணீருமாகத் தூக்கி வருவார்கள். கூப்பிடு தூரத்தில் ரோட்டோரமாகப் பட்டாளக் குடியிருப்புக்குப் போகிற தண்ணீர்க் குழாய் ஓடியது. காதை வைத்தால் சத்தம் கேட்கும் என்பார்கள்.

என் மனைவி ஒருநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஊருல கீறவனுக்கெல்லாம் இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கிறீங்களே, ஒரு கொயாய்க்கு எழுதக் கூடாதா? அதுக்கு மட்டும் மை தீந்துடுச்சா?"

ஊருக்குத் தண்ணீர் கொண்டு வரப்போகிறேன் என்று அன்று மாலையே பறைசாற்றினேன். கோட்டின் உள்பையில் இருந்த காரணம் வேறு என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கொத்து வேலை மேஸ்திரிதான் ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்டு முடிவு சொல்கிறவர். அவர் தயங்கினார். "கல்லு ரெண்டும் நம்ம கைல கீது ரைட்டரே. பிட்டிஷன்ல ஒண்ணெ நம்மளுதுன்னு எயுதிட்டா, இன்னொண்ணு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். ஐம்பது வருஷச் சரித்திரத்தை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். எனக்குத்தான் அது உறைக்கவில்லை. மேஸ்திரிக்கு உலக விவகாரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் என்ற சொல்லுக்கு முன்னால் அவர் பேச்சும் எடுபடவில்லை. அவர் வீட்டுப் பெண்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

மனுவில் எத்தனை காலமாகக் குடியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி போட வேண்டும். ஒரு வரி போதும். நான் எட்டுப் பக்கம் எழுதத் தீர்மானித்தேன். என் ஜனத்தின் ஆதி எது, வந்த வழி எது, எல்லாம் விளக்கமாக எழுதினால் துரைகள் படித்துவிட்டு, இதை எழுதியவன் யார் என்று கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிற்பாடு படிக்கத்தான் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனேன். தாது வருஷப் பஞ்சம் போய் நாலைந்து வருஷத்துக்குள் முதல் குடும்பங்கள் வந்தன என்பதில் எல்லோருக்கும் ஒற்றுமை. அதற்கு மேல் ஒன்றும் ஒத்துப்போகவில்லை. பால்காரர் தன் பாட்டன் நூறு மாட்டோடு வந்ததாகச் சொன்னார். அவர் தம்பி, இரண்டு மாடு, அதில் ஒன்று வழியில் செத்துப்போயிற்று என்றார். வெளுப்புக்கார வீட்டில், தாங்கள் வந்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள் என்று அடித்துச் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள்.

நேரில் பார்த்த சாட்சி ஒருத்திதான் இருந்தாள். கீரைக்கார அக்கா. அறுபது வயது இருக்கும். பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். புருஷனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஊரிலேயே பெரிய கீரைத் தோட்டம் அவளுடையது. நான் போனபோது பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமலே சொன்னாள்.

"நானு வரச்சே ஏயெட்டு வயசு. திருவண்ணாமலைப் பக்கத்துலேந்து நடந்தே வந்தோம். இங்க ஏரி வெட்டறாங்க, கூலி குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. வெட்னோம். வேலை முடிஞ்சிபோச்சி, எல்லாரையும் போன்னுட்டாங்க. எங்க போறது? இந்த மேடு பூரா முள்ளு, பாம்பு. எவனும் வரமாட்டான். அதனாலதான் வந்தோம். எங்கம்மா முள்ளு வெட்டி வெட்டி, ஒரு முள்ளு வெரல்ல ஒடிஞ்சி உள்ளயே நின்னுபோச்சி. சாவறமுட்டும் அந்த வெரலு மடங்கலே. அந்தக் கையாலதான் எனக்குச் சோறு போடுவா."

"இந்த இடத்தை உங்களுக்கு யார் கொடுத்தது அக்கா?"

"யாரு குடுப்பா? யாரும் குடுக்கலே. யாரும் வாணாம்னும் சொல்லலே. வெட்னோம், குந்திக்கினோம்."

நான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டினோம், உட்கார்ந்துகொண்டோம் என்பது ஒரு சரித்திரமா? முள், பாம்பு, மடங்காத விரல். இதை ஆபீசில் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர் படித்தால் என்ன நினைப்பார்? அவருடைய சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டியது ஒரு பிஷப். எங்களுக்கு ஒரு கல்லுக்கு இரண்டு கல் இருந்தும், நாட்டியவன் பேர் தெரியாது.

அப்போதுதான் மேஸ்திரி சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. முதல் குடிசைகள் எழும்பின நாளில், ஏரியில் உள்ளான் பறவை சுட வந்த ஒரு துரை, குதிரை மேல் இருந்தபடியே மேட்டைப் பார்த்துக் கைப்பிரம்பைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாராம். "இருங்கடா"ன்னுதான் காட்டினாரு என்பது மேஸ்திரியின் அப்பா கட்சி. "ஓடுங்கடா"ன்னுதான் காட்டினாரு, நம்ம ஜனத்துக்குப் புரியலே என்பது பால்காரரின் அப்பா கட்சி. அந்தத் துரை யார், பட்டாளமா, காப்பித் தோட்டத் துரையா, ஒன்றும் தெரியாது.

அவரை நான் கர்னல் ஆக்கினேன். முதலில் கேப்டன் என்றுதான் எழுதினேன், நகல் எடுக்கும்போது கேப்டன் கொஞ்சம் சின்னதாகப் பட்டது. குதிரையை வெள்ளைக் குதிரையாக்கினேன். பிரம்பை எடுத்துவிட்டேன். எங்கள் முன்னோர்களின் ராஜபக்தியையும் உழைப்பையும் கண்டு மனம் மகிழ்ந்த கர்னல் துரை அவர்கள் இந்த நிலத்தில் குடியிருந்துகொள்ளக் கருணை கூர்ந்து அனுமதி அளித்தார் என்று எழுதினேன். வாக்கியம் எங்கேயோ இடித்தது. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் கர்னல் எப்படி அனுமதி கொடுப்பார்? யோசித்து, "பட்டாளத்துக்குச் சொந்தமான" என்று நிலத்துக்கு முன்னால் சேர்த்தேன். வாக்கியம் நிமிர்ந்து நின்றது. அன்றைக்கு இரண்டு கப் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன். பட்டாளக் குழாயில் தண்ணீர் கேட்க இது நல்ல தோதாகவும் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், குழாய்க்காக நான் அதைச் சேர்க்கவில்லை. இலக்கணத்துக்காகச் சேர்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டி, எட்டுப் பக்கத்தையும் தமிழில் படித்துச் சொன்னேன். எல்லோருக்கும் பரம சந்தோஷம். இத்தனை நாள் யாருமில்லாத ஜனத்துக்குத் திடீரென்று ஒரு கர்னல் கிடைத்தால் சந்தோஷமாக இருக்காதா? தயங்கின மேஸ்திரி, "எங்கப்பன் சொன்னது நெஜந்தான் பாரு" என்று பால்காரரை இடித்தார். வெள்ளைக் குதிரை என்று நான் படித்தபோது, பின்னால் இருந்து ஒருவர், "ஆமா ஆமா, வெள்ளைதான்" என்றார். அவர் பிறந்ததே அதற்கு இருபது வருஷம் கழித்து.

அக்கா மட்டும் கடைசி வரை கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, இதுல எங்கம்மா எங்க?" என்றாள்.

"முன்னோர்கள் என்று எழுதியிருக்கிறேனே அக்கா, அதில் அம்மாவும் உண்டு."

"யாரோ குடுத்தாங்கன்னு கீதே. யாரும் குடுக்கலேன்னு உங்கிட்ட சொன்னேனே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோட்டின் பொத்தானைச் சரி செய்துகொண்டு, ஆபீசில் கேட்டுப் பழகிய குரலில் சொன்னேன்: "அக்கா, அது பேச்சு. இது சரித்திரம். சரித்திரத்துக்கு ஒரு மரியாதை வேணும்."

அவள், "நீ படிச்சவன். செரியாத்தான் இருக்கும்" என்று கட்டை விரலை நீட்டினாள். நான்தான் மையைத் தடவி, விரலைப் பிடித்து, தாளில் அழுத்தினேன். வீட்டுக்கு ஒன்றாக முப்பது கைநாட்டு. முப்பத்தொன்றாவதாக என் கையெழுத்து, கீழே ஒரு சுழி போட்டு.

இனி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் காது சூடாகிறது. ஏனென்றால் மனு பலித்துவிட்டது. ஒரு வருஷம் கழித்து இரண்டு ஆட்கள் வந்து ரோட்டோரம் பள்ளம் தோண்டி, எங்கள் மேட்டடியில் ஒரு குழாய் நட்டுவிட்டுப் போனார்கள். அன்று என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்காக இன்னும் எட்டுப் பக்கம் எழுதியிருப்பேன். தண்ணீர் வந்த முதல் நாள் எனக்குத் தேங்காய் உடைத்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆபீசுக்குப் போய் ஹெட் கிளார்க்கிடம், "சார், என் பேருக்கு நேரே கோடு போட்டிருந்தீர்களே, அதை அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்" என்று, பட்டாள நிலம், குழாயடி என்று ஒரு விலாசம் சொன்னேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு யாராவது தொப்பி வந்தால், குழந்தைகள் மைசூர்க் கல்லைக் காட்டக் கூடாது என்று கண்டித்துவைத்தேன். நாம் இப்போது ஓர் இடத்தைச் சேர்ந்தவர்கள் என்று அவர்களுக்கு உபதேசம் செய்தேன். அக்காவின் கீரைத் தோட்டத்துக்கும் குழாய்த் தண்ணீர் போயிற்று. "நல்லா கீதுப்பா" என்று அவளும் சொன்னாள். அதை நான் என் சரித்திரத்துக்கு அவள் கொடுத்த நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொண்டேன்.

குழாய் ஆறேழு வருஷம் ஓடியது. பிறகு யுத்தம் வந்தது. பெங்களூர் எங்கும் பட்டாளம் வந்து இறங்கிற்று. காலி மைதானமெல்லாம் கூடாரம், ரோடெல்லாம் லாரி. கூடாரம் போட இன்னும் இடம் வேண்டுமென்று பழைய ஃபைல்களைக் கிளறியபோது, தண்டின் கிழக்கே தங்களுக்கே தெரியாமல் தங்களுக்கு ஒரு நிலம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

நோட்டீஸ் மண்ணெண்ணெய்க் கடைக்குத்தான் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் கடைக்காரரால் படிக்க முடியவில்லை, என்னிடம் கொண்டு வந்து கொடுத்தார். ஊரே கூடிவிட்டது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படிக்க ஆரம்பித்தேன். முதல் பாரா சாதாரணமாக இருந்தது. இரண்டாவது பாராவில், கர்னல் துரை அவர்கள் கருணை கூர்ந்து என்று வந்தது. யாரோ நன்றாக எழுதுகிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி அடையாளம் தெரிந்துவிட்டது. என் வாக்கியம். ஒரு எழுத்துக் கூட மாற்றாமல் நகல் எடுத்திருந்தார்கள். இந்த நிலம் பட்டாளத்துக்குச் சொந்தமானது என்றும், அனுமதியின் பேரில்தான் குடியிருக்கிறோம் என்றும் குடியிருப்பவர்களே கைநாட்டுப் போட்டு ஒப்புக்கொண்டிருப்பதால், அந்த அனுமதி இதனால் ரத்து செய்யப்படுகிறது. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

"இன்னா எயுதிக்கீது?" என்றார் மேஸ்திரி.

முப்பது நாளில் போக வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அவங்களாண்ட நீங்களே சொல்லிடுங்க. வேற யாராவது சொல்லக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். மறுநாள் காலையில் ஊரைக் கூட்டி, நோட்டீஸ் முழுவதையும் படித்தேன். படித்து முடித்ததும் ஒருவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பால்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பிரம்பு, ஓடுங்கடான்னுதான் காட்டிச்சி" என்றார். சிரிக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி, "இன்னொரு பிட்டிஷன் எயுதுங்க ரைட்டரே" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கையால் இனி ஒரு வரி எழுதமாட்டேன், நேரில் போய்ப் பேசுவோம் என்றேன். அக்கா, "நானும் வரேன்" என்றாள்.

மேஸ்திரி, அக்கா, நான் என்று மூன்று பேரும் போனோம். நோட்டீசில் கையெழுத்துப் போட்டிருந்த துரை சின்ன வயசுக்காரர். தூக்கமில்லாத கண்கள், மேஜை நிறையக் காகிதம். கூச்சல் போடுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஆனால் அவர் பொறுமையாக, சொல்லுங்கள் என்றார். என்னுடைய ஃபைல் அவர் முன்னால் திறந்திருந்தது. என் கையெழுத்தும் கீழே போட்ட சுழியும் நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன.

நான் அவருக்கு வந்தனம் சொல்லி, வழக்கப்படி ஒரு நீளமான வாக்கியத்தைத் தொடங்கினேன். அக்கா என் கோட்டைத் தொட்டு, "நானு சொல்றேன், நீ அவுருக்கு சொல்லு" என்றாள். செருப்பில்லாத காலோடு மேஜைக்கு ஓர் அடி முன்னால் போய் நின்று, ஏரி வெட்டினதைச் சொன்னாள். வேலை முடிந்து துரத்தினதைச் சொன்னாள். முள்ளையும் பாம்பையும் சொன்னாள். அம்மாவின் விரலைச் சொல்லும்போது தன் விரலையே நீட்டிக் காட்டினாள். யாரும் குடுக்கலே, வெட்னோம், குந்திக்கினோம் என்று முடித்தாள். நான் அவள் சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக என் இங்கிலீஷ் சின்னச் சின்ன வாக்கியமாக வந்தது.

துரை பேனாவை வைத்துவிட்டார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். கல் எங்கே என்று கேட்டார். காட்டினேன். இன்னொரு கல் எங்கே என்றார். அது அந்த வரைபடத்தில் இல்லை, சுவரில் காட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, சற்று நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். இந்த அம்மாள் சொல்வது உண்மையானால் அது எங்கள் நிலமே அல்ல. நாங்கள் மைசூர் சர்க்காருக்கு எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் உங்களுக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். ஆனால் இங்கே முப்பத்தொரு பேர், இது பட்டாளத்து நிலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு மேலே உத்தரவாகிவிட்டது. நான் இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று அவரைக் கேளுங்கள்" என்றார்.

மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. நான் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் வேறு நாலு கேள்வி எனக்குத் தயாராக வந்தது. "இதை முன்னாடியே ஏன் சொல்லலேன்னு கேக்கறாரு அக்கா" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று தேடினேன், தெரியவில்லை. துரையைப் பார்த்தாள், மேஜையில் இருந்த ஃபைலைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"படிக்காத ஜனம், எங்களுக்குச் சொல்லத் தெரியலேன்னு சொல்லு தம்பி."

நான் அதை ஒரு பிழையில்லாமல் இங்கிலீஷில் சொன்னேன். துரை எழுதிக்கொண்டார்.